அலகும் அதிகாரமும்: பல்கலைக்கழக அனுமதி விவாதத்தில் அம்பாறைக் கரையோரம்

பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் என்னும் முறை இந்நாட்டிற் புகுத்தப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அது பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல. அவற்றை ஒருசேர நோக்குமிடத்து இரண்டு குரல்களே பெரிதும் மேலோங்கி நிற்பதைக் காணலாம். ஒன்று, திறமைக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுந்த குரல். மற்றையது, பின்தங்கிய பிரதேசங்களுக்கு நீதி கிடைத்தது என்று அரசும் அரசைச் சார்ந்தோரும் எழுப்பிய குரல். இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்ட பிரதேசம் ஒன்று உண்டு. பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரமே அது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என அடுத்தடுத்து நெருங்கிக் கிடக்கும் இவ்வூர்களின் முஸ்லிம் மாணவருக்கு, பல்கலைக்கழக அனுமதிக் கொள்கை ஒரு காலத்தில் தண்டனையாகவும் பிறிதொரு காலத்திற் சலுகையாகவும் வந்து சேர்ந்தது. மாணவர் மாறவில்லை, பாடசாலைகள் மாறவில்லை, அவர்களை எண்ணிய அலகு மாறிற்று.

ஒதுக்கீடு எதுவாயினும் அதற்கு முன்னர் ஓர் எண்ணிக்கை நடைபெறுகின்றது. யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது, எவ்வெல்லைக்குள் வைத்து எண்ணுவது என்பன அவ்வெண்ணிக்கைக்கு முன்னரே முடிவுசெய்யப்பட்டு விடுகின்றன. மொழி, மாவட்டம், இனம், குடும்பம் ஆகிய அலகுகளில் எதைத் தெரிவது என்பதிலேயே யாருக்கு ஆதாயம் என்பதும் அடங்கிவிடுகின்றது. அலகின் உள்ளே மறைந்துபோகின்றவர் எவர் என்பதும் அங்கேயே தீர்மானமாகின்றது. இக்கரையோரத்தில் அவ்வாறு மீண்டும் மீண்டும் மறைந்துபோனவள் பெண். இதனைச் சில சான்றுகள் கொண்டு விளக்குதலே எமது நோக்கம்.

முதலில் மொழியை அலகாகக் கொண்ட காலத்தை எடுத்துக்கொள்வோம். 1970ஆம் ஆண்டு மே மாதத்திற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசிலே லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அங்கம் வகித்தன. அவ்வரசின் முதலாவது பல்கலைக்கழக அனுமதியிலேயே ஒரே பரீட்சைக்கு இரு வேறு தகைமைப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. மருத்துவ பீடத்துக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவர் 229 பெற்றாற் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்கு இவை முறையே 227உம் 250உம் ஆயின. தமிழ்ப் பரீட்சகர் தம்மவருக்கு மிகைப்புள்ளி வழங்கினர் என்ற வதந்தி இதற்கு நியாயமாகக் காட்டப்பட்டது. விசாரணையில் அது நிரூபிக்கப்படவில்லை. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் ஒரு கணித முறையின் உருவைப் பெற்றது. விஞ்ஞான சார்பான துறைகளில் 1970இல் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாயிருந்த தமிழ் மாணவர் தொகை 1975இல் ஐந்திலொரு பங்குக்கும் கீழே சென்றது. இலங்கைத் தமிழ் இளைஞரின் அரசியலை இது எவ்வாறு திசைதிருப்பியது என்பது யாவரும் அறிந்த வரலாறாகையால் இங்கு விரித்தல் வேண்டா.

ஆயின் இவ்வரலாற்றிலே பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு செய்தி உண்டு. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவரும் தமிழ் மொழிமூலமே எழுதினர். ஆகவே 250 என்ற அந்த எல்லைக்கோடு அவர்களுக்கும் உரியதாயிற்று. யாழ்ப்பாணத்து நகரப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களையும், பல தலைமுறையாகத் தேர்ந்த கணித, விஞ்ஞான ஆசிரியர்களையும் கண்டறியாத மாணவர், அவற்றைப் பெற்றிருந்த மாணவரோடு ஒரே தட்டில் நிறுத்தப்பட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனும் ஏனைய மிஷன்களும் யாழ்ப்பாணத்தில் நாட்டிய கல்வி மரபின் பலன், மொழி ஒன்று என்ற காரணத்தால், அதனைப் பெறாதவரின் கணக்கிலும் ஏற்றப்பட்டது. மதமாற்றத்துக்கு அஞ்சி மிஷன் பாடசாலைகளிலிருந்து ஒதுங்கி நின்ற சமூகம் இது. சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி நவீன கல்விக்காகக் குரலெழுப்பியதும், கண்டியிலே பெண்களுக்கென ஒரு பாடசாலையை ஏற்படுத்தியதும் அந்த ஒதுக்கத்தை உடைப்பதற்கே. அவருடைய குரல் கிழக்குக் கரையை அடைவதற்கு நெடுங்காலம் சென்றது.

மொழிவாரித் தரப்படுத்தற் காலத்திற் கல்வி அமைச்சராயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். அவர் முஸ்லிம் என்பதைத் தமிழ்த் தேசியவாத எழுத்து மறவாமற் குறித்து வைத்துள்ளது. அவரது கொள்கை தமிழில் எழுதிய முஸ்லிம் மாணவரையும் தாக்கிற்று என்பதை அதே எழுத்து மறந்துவிட்டது. முஸ்லிம் தரப்பு எழுத்தோ அவர் காலத்தில் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள் பெருகியதையும் முஸ்லிம் பாடசாலைகள் வளர்ந்ததையும் போற்றுமளவுக்கு, இந்த முரண்பாட்டைப் பேசவில்லை. கல்முனையில் மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. ஒரே அமைச்சரின் ஒரு கை பெண்களுக்குப் பாடசாலைக் கதவைத் திறந்தது. மறு கை அப்பெண்கள் எழுதிய மொழிக்குப் பல்கலைக்கழக வாயிலை ஒடுக்கியது. இதனை ஒரு தனிமனிதரின் இரட்டை வேடமாகக் கொள்ளுதல் தவறு. சிறுபான்மையினர் ஒருவர் பெரும்பான்மை அரசில் அதிகாரம் பெறும்போது, பொதுக் கொள்கையை மாற்றும் வலிமை அவருக்கு இருப்பதில்லை. தமது சமூகத்துக்கு நியமனங்களையும் கட்டடங்களையும் பெற்றுக்கொடுக்கும் வலிமை மட்டுமே இருக்கும். இந்த வகையான அரசியல் பின்னர் இக்கரையோரத்தில் நிலைபெற்று விட்டது.

இடதுசாரிகளாகிய நாமும் இவ்விடத்தில் எம்மை விலக்கிக்கொள்ள இயலாது. அவ்வரசின் பங்காளிகள் எமது கட்சிகளே. கல்வியில் வர்க்க ஏற்றத்தாழ்வை ஒழிப்பதற்கான இடைக்கால ஏற்பாடு என்று அன்று சிலர் இதற்கு விளக்கமும் கூறினர். வர்க்கத்தை அளக்க வேண்டிய இடத்தில் மொழியை அளந்தது எவ்வாறு மார்க்சிய நோக்காகும் என்ற வினாவுக்கு இன்றுவரை தெளிவான விடை வரவில்லை.

1974இல் மாவட்டம் என்னும் அலகு சேர்க்கப்பட்டது. அதனால் எழுந்த எதிர்ப்பை அடுத்து, கம்யூனிஸ்ட் கட்சி அமைச்சரான பீற்றர் கெனமன் தலைமையிலான குழுவொன்று முறையை மீளாய்வு செய்தது. 1976இல் நூற்றுக்கு 70 இடங்கள் தரப்படுத்திய புள்ளிகளின்படியும், 30 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், அந்த 30இல் பாதி பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்டது. 1977இல் ஆட்சி மாறிய பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட முறை நிலைத்தது. பல மாற்றங்களின் பின் உறுதிப்பட்ட விகிதம் நாடளாவிய திறமைக்கு 40, மாவட்டங்களுக்குக் குடிசனத் தொகைப்படி 55, கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 என்பதாகும். அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று. எழுபதுகளில் முன்னேறிய மாவட்டத்தின் இலக்கணமாகக் காட்டப்பட்ட யாழ்ப்பாணமும் பின்னர் அதே பட்டியலில் இடம்பெற்றது. பின்தங்கிய நிலை ஓர் இனத்தின் அல்லது ஊரின் இயல்பு என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்பது நன்று.

அம்பாறை மாவட்டம் என்ற அலகு எவ்வாறு உருவாயிற்று? 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்தெடுத்தே அது அமைக்கப்பட்டது. பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை கட்டி 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டம், உட்பகுதியிலே சிங்களக் குடியேற்றங்களைப் பெருமளவில் நிறுவியிருந்தது. அக்குடியேற்றங்களும் பழைமையான கரையோர ஊர்களும் ஒரே எல்லைக்குள் வந்தன. நிர்வாகத் தலைநகர் உட்பகுதியில் அமைந்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 43, சிங்களவர் 39, தமிழர் 17. இனங்களுக்கிடையிலான அதிகாரச் சமநிலையைக் கருத்திற் கொண்டு வரையப்பட்ட எல்லை, பின்னர் கல்வியிற் பின்தங்கிய நிலையை அளக்கும் கோலாகவும் பயன்பட்டது. ஒரு தேவைக்காகச் செய்யப்பட்ட கருவியைக் கொண்டு வேறொன்றை அளக்கும்போது பிழை நேர்வது இயல்பே.

மாவட்ட முறையினால் இக்கரையோரம் பயன்பெற்றது உண்மை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களில் இன்று காணப்படும் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கொண்ட ஒரு நடுத்தர வர்க்கத்தின் தோற்றத்தை மாவட்டக் கோட்டாவிலிருந்து பிரித்து விளக்க முடியாது. இதனை மறுத்து, திறமை ஒன்றே போதும் என்று வாதிடுவோரோடு எமக்கு உடன்பாடில்லை. திறமை என்று அவர்கள் கூறுவது முன்னைய தலைமுறைகள் சேர்த்து வைத்த வசதியின் மறுபெயர் என்பதை மேலே காட்டினோம். எனினும் அக்கோட்டாவினால் மாவட்டத்தினுள் யார் பயன்பெற்றனர் என்ற கேள்வியை நாம் எழுப்பியே ஆதல் வேண்டும்.

இப்பிரதேசத்தின் நிலவுடைமை உறவுகளை அறிந்தவருக்கு விடை கடினமன்று. ஆற்றுப் பாய்ச்சலுள்ள வயல்களைப் பெருமளவிற் கொண்டிருந்த போடியார் குடும்பங்கள் ஒருபுறம். அவ்வயல்களிற் கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்தோர், கடற்றொழிலாளர், மருதமுனையின் கைத்தறி நெசவாளர் மறுபுறம். நெசவாளரின் கதை தனியே சொல்லத்தக்கது. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மருதமுனைத் தறிகள் ஓய்வின்றி ஓடின. புடவைக்கும் சாரத்துக்கும் நாடெங்கும் சந்தை இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதித் துணி குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. மொழிவாரித் தரப்படுத்தலை நீக்கி நெசவாளியின் மகனுக்குப் பல்கலைக்கழக வாசலை அகலத் திறந்த அதே அரசுதான், அவனை உயர்தரம் வரை படிக்க வைக்கும் வருவாயைத் தந்தையிடமிருந்து பறித்தது. வாசலை மட்டுமே பார்க்கும் விவாதம் இதனைக் காண்பதில்லை.

கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி கல்முனையில் வர்த்தகர் ஒருவரின் மகள். நகரத்திலேயே உயர்தர விஞ்ஞானப் பிரிவும் ரியூசன் வகுப்புகளும் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மற்றவள் பொத்துவிலிற் கடற்றொழிலாளி ஒருவரின் மகள்; விஞ்ஞானம் படிப்பதற்கு ஊரைவிட்டு வெளியேறி உறவினர் வீட்டில் தங்க வேண்டும். மாவட்ட வெட்டுப்புள்ளி இருவருக்கும் ஒன்றே. இருவரும் ‘பின்தங்கிய மாவட்டத்து மாணவர்’ என்றே கணிக்கப்படுவர். இரண்டாமவள் விஞ்ஞானத்தைக் கைவிட்டுக் கலைப்பிரிவிற் சேர்வாளாயின் நிலைமை இன்னும் விசித்திரமாகின்றது. கலைப்பீடங்களுக்கான அனுமதி மாவட்டக் கோட்டாவுக்கு உட்பட்டதன்று. அது நாடளாவிய திறமை வரிசைப்படி நடைபெறுவது. கோட்டா என்னும் ஏணி மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ஏனைய விஞ்ஞானத் துறைகளுக்கும் சாத்தப்பட்டுள்ளது. வசதி குன்றிய வீட்டுப் பெண் பெரும்பாலும் செல்லும் கலைப்பீடத்துக்கு அவ்வேணி கிடையாது. கொழும்பு மாணவியோடு நேருக்கு நேர் நின்றே அவள் உட்செல்கின்றாள்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் சேர்வோரில் இன்று பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள். இவ்வெண்ணைக் காட்டி, பெண்களுக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்போர் உளர். இப்பெரும்பான்மை கலைத்துறையிலேயே மிகுதியும் குவிந்துள்ளது என்பதையும், பொறியியலில் பெண்கள் நான்கிலொரு பங்களவிலேயே நிற்கின்றனர் என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. கலைப் பட்டத்தின் பின் அவளுக்குள்ள வழி பெரும்பாலும் ஆசிரிய நியமனம். அது அரசியல்வாதியின் தயவுக்காகப் பட்டதாரிகள் காத்திருக்கும் நீண்ட வரிசை.

கரையோர முஸ்லிம் பெண்ணைப் பொறுத்தவரை இன்னொரு திருப்புமுனையையும் குறிப்பிட வேண்டும். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போர்க்காலத்தில் முஸ்லிம் மாணவர் சென்று கற்க இயலாத நிலை தோன்றியது. அந்நிலையில் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1996 மே மாதத்தில் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமாகி, பின் ஒலுவிலில் நிலைகொண்டது. இன அடிப்படையிலான நிறுவனம் என்று அதனை விமர்சித்தோர் பலர். அவ்விமர்சனத்தில் உண்மையே இல்லை என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் பேராதனைக்கும் கொழும்புக்கும் மகளை அனுப்பத் தயங்கிய வீடுகளில், பஸ்ஸில் சென்று மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் அமைந்த ஒரு பல்கலைக்கழகம் எத்தகைய மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதை ஒலுவில் வீதியிற் காலைவேளையில் நின்று பார்த்தவர் அறிவர். அதே அருகாமைக்கு ஒரு விலையும் உண்டு: வீட்டின் கண்காணிப்பு வளாகத்துக்குள்ளும் கூடவே வருகின்றது.

இங்கு வீடு என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தின் சமூக அமைப்பு இலங்கையின் ஏனைய பகுதிகளினின்றும் வேறுபட்டது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ‘குடி’ என்னும் வம்சப் பிரிவு தாய்வழியே செல்வது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். தாய் தனது வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு அயலில் இன்னொன்றைக் கட்டிக் குடியேறுவதும் உண்டு. டெனிஸ் மெக்கில்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் தங்கிச் செய்த ஆய்வு இதனை விரிவாகப் பதிந்துள்ளது. வெளியிலிருந்து பார்ப்பவர் இதனைப் பெண்ணின் அதிகாரம் என்று கருதி வியப்பதுண்டு. ஆனால் பள்ளிவாசலில் ஒவ்வொரு குடிக்கும் பிரதிநிதியாக நிற்கும் மரைக்கார் ஆண். குடி தாய்வழி வருகின்றது. குடியின் பேரால் பேசும் உரிமை தாய்க்கு இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டமும் காதிப் பதவியை ஆண்களுக்கே உரியதாக்கிற்று. உடைமை ஒரு பக்கமும் அதிகாரம் மறுபக்கமும் நிற்கும் இந்நிலை, உடைமை உள்ளவனே அதிகாரமும் உள்ளவன் என்ற எமது பழைய வாய்பாட்டுக்கு எளிதில் அடங்குவதில்லை. இப்பிரதேசத்தின் நாட்டார் கவிகளைத் தொகுத்தோர், அவற்றுட் பல பெண்களின் வாயிலிருந்து பிறந்தவை எனக் கூறினும், பாடியவரின் பெயர்களைப் பெரும்பாலும் பதியவில்லை என்பதும் இதனோடு ஒத்த நிலையே.

வேறு நாடுகளில் இச்சிக்கல் எவ்வாறு நேரிட்டது என்பதையும் இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையின்படி ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிடப்பட்டன. மருத்துவக் கல்லூரியில் இதனுடன் பிரதேச வாரிப் பகிர்வும், நூற்றுக்கு 20க்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு என்ற விதியும் இருந்தன. சாதியும் மதமும், பிரதேசம், பால் என்ற மூன்று நோக்குகள் ஒரே ஆணையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது. அவ்வாணையை 1951இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வீழ்த்திய வழக்கின் மனுதாரர் செண்பகம் துரைராசன் என்ற பெண். மருத்துவக் கல்லூரிக்கு அவர் உண்மையில் விண்ணப்பிக்கவேயில்லை என்பதும் அவ்வழக்கிலேயே வெளிப்பட்டது. அத்தீர்ப்பின் விளைவாகவே இந்திய அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் வந்தது. அண்மையில், 2020இல், தமிழ்நாடு அரசு மருத்துவ இடங்களில் நூற்றுக்கு 7.5ஐ அரசுப் பள்ளி மாணவருக்கு ஒதுக்கியபோது, சாதிப் பிரிவுகளுக்குள்ளே வர்க்கத்தைத் தேடிப்பிடிக்கும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. மாவட்டம் என்ற ஒரே அலகோடு நின்றுவிட்ட எமது முறையில் இத்தகைய உட்பகுப்புக்கு இடமே வைக்கப்படவில்லை.

அமெரிக்காவில் 1976இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிராகக் கறுப்பினப் பெண் தொழிலாளர் ஐவர் தொடுத்த வழக்கு எமது விடயத்துக்கு மிக அண்மையது. அந்நிறுவனம் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததேயில்லை. பின்னர் நெருக்கடி வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தோர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியால் வேலையிழந்தோரும் அவர்களே. நிறுவனமோ தான் பெண்களை வேலைக்கு எடுத்ததாகக் கூறிற்று. அவர்கள் வெள்ளையினப் பெண்கள். கறுப்பினத்தவரை எடுத்ததாகவும் கூறிற்று; அவர்கள் ஆண்கள். இனத்தின் பேரால் அல்லது பாலின் பேரால் வழக்காடலாம், இரண்டையும் சேர்த்து ஒரு தனிப் பிரிவை உருவாக்க இயலாது என்று நீதிமன்றம் தீர்த்தது. கிம்பர்லே கிரென்ஷோ 1989இல் எழுதிய கட்டுரையில் இவ்வழக்கையே தமது கோட்பாட்டுக்கு அடிப்படையாக்கினார். கல்முனைப் பெண்ணுக்கும் இது பொருந்தும். மொழியால் எண்ணியபோது அவள் தமிழ் மாணவி. மாவட்டத்தால் எண்ணியபோது அம்பாறை மாணவி. சமூகத்தின் பேரால் நியமனங்கள் பங்கிடப்பட்டபோது முஸ்லிம். இம்மூன்றும் ஒருத்தியிடமே உள்ளன என்பதற்கு எந்த நிரலிலும் இடமில்லை.

கல்விக்கு வெளியேயும் இதே நியதி செயற்பட்டதற்குச் சுனாமிக்குப் பிந்திய வீடமைப்புச் சான்றாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த கடற்கோளினால் இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். கரையோர ஊர்களிற் பல்லாயிரவர் மடிந்தனர். அழிந்த வீடுகளில் மிகப்பல சீதன வீடுகள். உறுதிப்படி பெண்களுக்கு உரியவை. ஆனால் புதிய வீடுகளையும் நட்டஈட்டையும் வழங்கிய அரச நிர்வாகம் ‘குடும்பத் தலைவர்’ என்ற அலகைக் கொண்டு எண்ணியது. தலைவர் என்ற நிரலிற் கணவனின் பெயர் எழுதப்பட்டது. வீடு அவன் பெயருக்குச் சென்றது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உடைமை ஒரு படிவத்தின் ஒரு வரியில் கைமாறிற்று. இதில் எவருடைய சதியும் இல்லை என்பதே கவனிக்க வேண்டியது. படிவத்தை நிரப்பியவர் வழமைப்படி நிரப்பினார். அவ்வழமை இக்கரைக்குரியதன்று, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், உரித்து வரிசையில் மகள்மாருக்கு முன் மகன்மாரை வைத்த அதே அரச வழமை. கல்லோயாக் குடியேற்றக் காணிகள் அச்சட்டத்தின்படியே கைமாறின. 2022இல் திருத்தப்படும் வரை அவ்வரிசை மாறவில்லை.

சுனாமி வீடுகள் பற்றிய மற்றொரு நிகழ்வு இன அலகு தலைகீழாகப் பயன்பட்டதைக் காட்டும். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு பாதிக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கென 500 வீடுகள் கட்டப்பட்டன. தீகவாபி விகாரையை முன்னிறுத்திய எதிர்ப்பு எழுந்து, விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வீடுகள் இன விகிதாசாரப்படி பகிரப்பட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வீடுகள் பல்லாண்டுகள் பூட்டிக்கிடந்து காடு பற்றின. பின்தங்கியவருக்குப் பங்கு கேட்கும் மொழியாகப் பிறந்த விகிதாசாரம், வீடிழந்தவருக்கு வீட்டை மறுக்கும் மொழியாகவும் பேசக்கூடியது என்பதை அப்பூட்டுகள் காட்டின. வீடிழந்தோர் என்ற அலகைக் கொண்டு எண்ணியிருந்தால் வழக்குக்கே இடமிருந்திராது.

பெண் என்பதையே நேராக அலகாக்கிய ஏற்பாடு ஒன்று அண்மையில் வந்துள்ளது. உள்ளூர் அதிகார சபைகளில் நூற்றுக்கு 25 பெண்கள் இருத்தல் வேண்டும் என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, 2018 பெப்ரவரி 10ஆம் நாள் நடந்த தேர்தலில் முதன்முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாயிருந்த பெண் உறுப்பினர் தொகை ஏறத்தாழ நான்கிலொரு பங்காயிற்று. இது பெரும் பாய்ச்சலே. ஆனால் நூற்றுக்கு இருபதுக்குக் குறைந்த வாக்கும் மூன்றுக்குக் குறைந்த ஆசனமும் பெற்ற கட்சிகளும் குழுக்களும் பெண்ணை நியமிக்கும் கடப்பாட்டிலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்தன. கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பலவாய்ப் பிரிந்து போட்டியிடும் சபைகளில் இவ்விலக்கு ஒதுக்கீட்டின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். கிழக்குக் கரையில் அவ்வாறு பிரிவது வழக்கம். உட்சென்ற பெண்களிற் பெரும்பாலோர் வட்டாரத்தில் வென்று வந்தவரல்லர். மேலதிகப் பட்டியலிலிருந்து கட்சி தெரிந்தெடுத்தோர். பட்டியலில் எவர் பெயர் எடுக்கப்படும் என்பதைத் தீர்மானித்தது கட்சிச் செயலாளரின் பேனை. மரைக்காருக்கும் குடிக்கும் உள்ள உறவு இங்கே சபை மண்டபத்துக்கு இடம்பெயர்ந்துள்ளது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் சபையில் ஒருமுறை அமர்ந்து வரவுசெலவுத் திட்டத்துக்கு வாக்களித்த பெண்ணை மீண்டும் பழைய இடத்துக்கு அனுப்புதல் அத்துணை எளிதன்று என்பதையும் நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.

இறுதியாக, அலகைப் புதிதாக வரையுமாறு எழுந்துள்ள ஒரு கோரிக்கையை நோக்குவோம். சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளையும் பிரித்து ஒரு கரையோர மாவட்டம் அமைக்க வேண்டும் என்பது முஸ்லிம் அரசியலின் நெடுநாட் கோரிக்கை. கச்சேரிக்கு அம்பாறை நகர் வரை சென்று வேற்று மொழியிற் கருமமாற்ற வேண்டிய மக்களின் துன்பம் அதன் பின்னணியில் உண்டு, அது நியாயமானதே. இதே கரையிலே கல்முனைத் தமிழர் தமக்கெனத் தரமுயர்த்தப்பட்ட பிரதேச செயலகம் வேண்டும் என்று கேட்பதும், முஸ்லிம் தலைமைகள் அதனை எதிர்ப்பதும் அதே தர்க்கத்தின் அடுத்த படி. கரையோர மாவட்டம் அமையுமாயின் பல்கலைக்கழக அனுமதிப் பட்டியலிலும் புதியதொரு பெயர் சேரும். குடிசனத் தொகைக்கேற்ப அதற்கென இடங்கள் வகுக்கப்படும். பதினாறு பதினேழாகுமா என்ற விவாதமும் எழும். பொத்துவிற் கடற்றொழிலாளியின் மகளும் கல்முனை வர்த்தகரின் மகளும் அப்போதும் ஒரே நிரலிலேயே, ஒரே வெட்டுப்புள்ளியின் கீழேயே இருப்பர்.